மூன்றாவது பூச்சு

அத்தியாயம் 14

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு பாஸ்கல் தாவ்ரோ வீட்டு முற்றம் மோர் கொட்டின மாதிரி வெளுத்துக் கிடந்தது.

முதலில் பார்த்தது நான்தான். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு செம்பருத்தி வேலி. மாயவரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மல்பெ என்கிற இந்தக் கடற்கரை ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷமாகிறது. அந்த வேலிக்கு மேலாக நான் பார்க்காததில்லை. ஆனால் இப்படி ஒரு வெளுப்பை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

கதை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். தெரியாதவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். பாஸ்கலின் மகன் டென்சில் எட்டு வருஷம் குவைத்தில் அச்சுக் கான்கிரீட் போட்டவன். கான்கிரீட்டைக் கொட்டி, நிறத்தூள் தூவி, இறுகுவதற்குள் ரப்பர் அச்சை வைத்து மிதித்தால் வெட்டிப் பாவின கல் மாதிரியே வரும். தங்கை ஃப்ளாவியாவின் கல்யாணத்துக்கு வந்தவன், "இனிமே அந்தச் சூட்டுக்குப் போக மாட்டேன், இந்தத் தொழிலை இங்கேயே பண்றேன்" என்று உட்கார்ந்துவிட்டான். இந்த ஊரில் அவனை நம்பி யார் முற்றத்தைக் கொடுப்பார்கள்? அம்மா செவ்ரின் பாயி கொடுத்தாள், தன் வீட்டு முற்றத்தை. அப்பா பாஸ்கல் மட்டும் "டைல்ஸ்தான் போடணும்" என்று கடைசிவரை ஒற்றைக் காலில் நின்றார்.

இப்போது ஊரில் அவனுக்கு வாய்க்கக்கூடிய ஒரே வேலை ஃப்ளாவியாவின் ஞானத்தாய் அப்போலின் டீச்சருடையது. மணலை ஒட்டிப் பெரிய வீடு கட்டுகிறாள். நாளைக்கு அவள் வீட்டு வாசலுக்கு டைல்ஸ் லாரி வருகிறது. இன்று சாயங்காலம் ஃப்ளாவியாவின் ரோஸ் சடங்குக்கு வரும்போது இந்த முற்றத்தைப் பார்த்து அவள் சரி என்றால் டென்சில் இங்கே இருப்பான். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை குவைத்து விமானம்.

சரி. வெளுத்த முற்றத்துக்கு வருவோம்.

"டென்சில்! ஓடி வா!" என்று நான் போட்ட கூச்சலில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்தான். பார்த்தான். வாயிலிருந்த நுரை சட்டையில் வழிந்தது, அவன் கவனிக்கவில்லை.

"பப்பா!"

உள்ளேயிருந்து பாஸ்கல் வந்தார். வரும்போதே செருப்பு தரையில் பச்சக் பச்சக்கென்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

"நேத்து மத்தியானம் நான் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போனேனே, அப்ப நீங்க என்ன பண்ணினீங்க?"

"தூங்கினேன்."

"காலைக் காட்டுங்க."

"எதுக்குடா காலை?"

"காட்டுங்கன்னா!"

குதிகால் இரண்டும் வார்னிஷ் அடித்த நாற்காலிக் கால் போல மின்னின. பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் அந்தப் பாவசங்கீர்த்தனத்தை மகன் செய்திருக்கவே வேண்டாம், அப்பாதான் போயிருக்க வேண்டும்.

"நீ மேல அடிச்ச பூச்சு டின்னுல மிச்சம் இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு ஒரே ஒரு கோட்டு அடிச்சேன். கல்யாண வீடுடா! மினுமினுன்னு இருக்க வேணாமா? நீ பூசினது சாணி மெழுகினாப்ல மங்கலா இருந்துச்சு."

"அடிக்கறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திக் கழுவினீங்களா?"

"பின்னே? அழுக்கு மேலயா அடிப்பாங்க?"

"காய விட்டீங்களா?"

"வெயில்தான் கொளுத்துதே!"

டென்சில் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். "அது சாயம் இல்ல பப்பா, தோலு. மெல்லிசா ரெண்டே ரெண்டு தடவை. ஈரத்துக்கு மேல தடியா அடிச்சா தண்ணி உள்ள மாட்டிக்கிட்டு வெளுத்துரும். கடல் காத்து வேற. கால் வழுக்கக் கூடாதுன்னு நான் அதுல பொடி கலந்து அடிச்சிருந்தேன். நீங்க அதுக்கு மேல கண்ணாடி போட்டு மூடிட்டீங்க."

"டைல்ஸ் போட்டிருந்தா இந்தத் தொல்லை உண்டா?"

"இந்தா மனுஷா, நீ வாயைத் திறக்காதே!" செவ்ரின் பாயி கையில் ஒரு பாட்டிலோடு வந்துவிட்டாள். "கக்கூஸ் ஆசிட் இருக்குடா மவனே. ஊத்தித் தேச்சுடவா?"

"சாய்பா, ஆண்டவரே! மாய், அதை மூடி உள்ள வைங்க! மேல இருக்கற நிறமெல்லாம் அரிச்சுட்டுப் போயிரும்!"

அதற்குள் கல்யாணப் பெண் ஃப்ளாவியா முகத்தில் மஞ்சள் பூசினபடி வந்து நின்றாள். "அண்ணா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு எனக்கு ரோஸு. ஞாபகம் இருக்கா? இருநூறு பேர் வர்றாங்க. இதுலயா மணை போடப் போறே? பேசாம உடைச்சுட்டு மண்ணைக் கொட்டிரு."

"உடைக்கற பேச்சே யாரும் எடுக்காதீங்க," என்றான் டென்சில். "இது டைல்ஸ் இல்ல, மொத்தமும் ஒரே பலகை. ஒரு மூலையை உடைச்சு ஒட்டினாலும் நிறம் சேராது. காலத்துக்கும் ஒட்டு தெரியும்."

செவ்ரின் பாயியின் முகம் சட்டென்று சுண்டிப்போனது. முற்றத்து மூலையில், தளத்தோடு ஒன்றாக வார்த்த சின்ன மேடைமேல் நின்ற அந்தோணியார் சுரூபத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆசிட் பாட்டிலைக் கண்டு மகன் கத்தினதால்தான் என்று நினைத்தேன். எனக்கென்ன தெரியும்?

வழி இருந்தது. தின்னர் வாங்கி வந்து உருளையால் தடவினால் மேல்தோல் இளகும், அடியில் மாட்டின ஈரம் வெளியேறும். படகுக்குப் பெயின்ட் விற்கும் கடைக்கு பைக்கில் பறந்தான். இருந்தது ஒரே டின்.

"அடுப்பை அணைங்க!" என்று கத்திக்கொண்டே திரும்பி வந்தான். "இது பெட்ரோல் மாதிரி. பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாது!"

பின்கட்டில் விறகடுப்பில் இருநூறு பேருக்கான பன்றிக்கறி பாதி வெந்துகொண்டிருந்தது. செவ்ரின் பாயி அடுப்புக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். "பாதியில எறக்கினா கறி ரப்பராயிரும். என் பிணத்தைத் தாண்டி அணை."

"மாய், வீடு எரிஞ்சா கறி மட்டும் வெந்து என்ன பிரயோஜனம்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலிப் பக்கம் திரும்பினார்கள். நான் செம்பருத்தி பறிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"அபயா," என்றாள் செவ்ரின் பாயி, பலகாரம் நீட்டும் குரலில். "ஒரு சின்ன உதவி. ஒரு பானை வைக்கணும் உங்க கொல்லையில."

"ஒரு பானைதானே பாயி, வைங்களேன்."

மூங்கிலில் கட்டி நாலு பேர் சுமந்து வந்தார்கள் அந்த ஒரு பானையை. கேக்கில் முட்டை இருக்கிறது என்று தெரிந்தாலே எழுந்து போகிற மனுஷர் என் வீட்டுக்காரர். கொல்லைக் கதவைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, "இன்னும் எவ்வளவு நேரம் வேகும்?" என்று ஜன்னல் வழியாக மூன்று தரம் கேட்டார். நான் கரண்டி போட்டுக் கிளறினேன். இதை மாயவரத்தில் யாரும் படிக்க வேண்டாம்.

டென்சில் மேற்குப் பாதியை முடித்தபோது டின் காலி. வெள்ளை போய் மறுபடி ஈரமணல் நிறம் வந்தது. இளகின பூச்சின்மேல் பொடியை மறுபடி சீராகத் தூவினான். கிழக்குப் பாதி, சமையலறைப் பக்கம், அப்படியே கிடந்தது. பன்னிரண்டு மணி வெயிலில் அங்கேயும் வெளுப்பு தானாகக் குறைந்தது. ஆனால் பளபளப்பு போகவில்லை. குனிந்தால் முகம் தெரிந்தது.

பாஸ்கல் அதில் தலை வாரிக்கொண்டார். "பாத்தியா? எது அழகு? என் பாதியா, உன் பாதியா?"

டென்சில் வீட்டிலிருந்த பாய்களையெல்லாம் எடுத்து அப்பாவின் பாதிமேல் விரித்தான். பாய்மேல் வரிசையாகச் சாப்பாட்டு மேசை. எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னான்: "டீச்சர் வந்தா இந்தப் பக்கம் விடாதீங்க. பப்பா, முக்கியமா நீங்க இந்தப் பக்கம் வராதீங்க."

"என் வீட்டு முற்றத்துல நான் நடக்கறதுக்கு உன்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

அப்போலின் டீச்சர் நாலு மணிக்கே வந்துவிட்டாள். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தை ஆண்டவள். கையில் தடி. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு டென்சிலின் பாதியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பரீட்சை ஹாலில் மேற்பார்வை நடக்குமே, அதே நடை.

"காலு சுடலையே?"

"அதுக்குத்தான் டீச்சர் வெளிர் நிறம் போட்டேன். எல்லாரும் கறுப்புக் கேப்பாங்க. மே மாசத்துல கால் வைக்க முடியாது."

"உப்புக் காத்துக்கு?"

"ஆத்து மணல்தான் போட்டேன், கடல் மணல் இல்ல. வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணியால உப்பு போகக் கழுவினா போதும். சோப்பு போடலாம், ஆசிட் ஆகாது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மேல்பூச்சு, அதுவும் மழைக்காலம் போய்த் தரை நல்லாக் காய்ஞ்ச பிறகு."

"மழையில பாசி?"

"நிழல்ல வரும் டீச்சர், பொய் சொல்ல மாட்டேன். தென்னந்துடைப்பத்தால தேய்க்கணும்."

டீச்சர் தடியைத் தரையில் ஊன்றினாள். "நான் மருமகன் வீட்டு மார்பிள்ல விழுந்து மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டவ. எனக்கு அழகெல்லாம் ரெண்டாம்பட்சம். காஞ்சு கிடக்கறப்ப எல்லாத் தரையும் நல்ல தரைதான்டா. ரோஸு முடியட்டும், சொல்றேன்."

ரோஸ் என்றால் தெரியுமல்லவா? கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணை மணையில் உட்கார வைத்து, நெற்றியில் எண்ணெயால் சிலுவை போட்டு, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். நாற்பது தேங்காயின் பால். கூடவே ஒரு படி எண்ணெய். பெரியவர்கள் முடித்ததும் சிறுசுகள் முட்டை கொண்டுவரும். உலகத்தில் எந்தத் தரைக்காரனும் தன் தரைக்கு இப்படி ஒரு பரீட்சை வைத்துக்கொள்ள மாட்டான்.

ஐந்து மணிக்குப் பாட்டு எடுத்தார்கள். ஃப்ளாவியா மணையில் உட்கார்ந்தாள். அம்மா முதலில் ஊற்றினாள், அழுதுகொண்டே. பாஸ்கல் ஊற்றினார், அழவில்லை என்று சொல்லிக்கொண்டே. அடுத்து ஞானத்தாய். டீச்சர் தடியை என் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு அந்தப் பாலிலும் எண்ணெயிலும் இறங்கினாள்.

டென்சில் கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை.

நடந்தாள். ஊற்றினாள். திரும்பினாள். நடுவில் நின்று ஒரு காலைத் தூக்கித் தொம்மென்று மிதித்துப் பார்த்தாள். இம்மி அசையவில்லை. முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம் கடவுள். ஆனால் தண்ணீர் வடிய டென்சில் வாட்டம் வைத்தது கிழக்குப் பக்கம். பாலும் எண்ணெயும், பின்னாலேயே சிறுசுகள் உடைத்த முட்டையுமாக மெதுவாக ஓடிப் போய்ப் பாய்களுக்கு அடியில் நுழைந்தன. அந்த நேரம் பார்த்து பாண்டு வாத்தியக்காரன் வேக மெட்டுக்கு மாறினான். பாஸ்கல் வெள்ளைக் கால்சட்டையில், இரண்டு கையிலும் தட்டு நிறைய சன்னாவோடு, அதாவது கள் ஊற்றி அவித்த இட்லியோடு, ஆடிக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தார். மேசை இல்லாத ஓரப் பாயில் கால் வைத்தார்.

பாய் கிளம்பியது.

அவர் விழக்கூட இல்லை முதலில். பாய்மேல் நின்றபடியே, இரண்டு தட்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முற்றத்தின் பாதி தூரம் படகில் போகிற மாதிரி போனார். பாண்டுக்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டான். மேசைக் காலில் முட்டித்தான் விழுந்தார். சன்னாக்கள் பூமழையாகப் பொழிந்தன.

"ஐயோ என் இடுப்பு!"

இருநூறு பேர் ஓடினார்கள். அதில் டென்சிலின் பாதியில் ஓடினவர்கள் ஓடினார்கள். பாஸ்கலின் பாதிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

டீச்சர் தடியை என்னிடமிருந்து வாங்கி, நுனியால் ஒரு பாயைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் கண்ணாடி மாதிரி மின்னியது.

"டென்சில். இது என்ன?"

அவன் அப்பாவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். இருநூறு பேர் முன்னால், கல்யாணத்துக்கு முந்தின நாள், பெண்ணின் அப்பாவைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. "என் தப்புதான் டீச்சர்," என்றான். "பூச்சு கொஞ்சம்..."

"பொய்!" கீழேயிருந்து பாஸ்கல் கத்தினார். தலையில் ஒரு சன்னா இருந்தது. "பொய் சொல்றான் டீச்சர்! அது என் வேலை. அவனுக்குத் தெரியாம நான்தான் மூணாவது கோட்டு அடிச்சேன். அவன் வேலை அந்தப் பக்கம். நீங்க நடந்தீங்களே, அது! என் பையன் வேலையில ஒரு குறை சொல்ல முடியாது!"

காலையிலிருந்து தன் தப்பு என்று ஒரு வார்த்தை ஒப்புக்கொள்ளாத மனுஷன். டென்சிலுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குந்தான், மறைப்பானேன்.

டீச்சர் பாயைக் கீழே விட்டாள். "நல்லதாப் போச்சு. ரெண்டு விதத்தையும் ஒரே இடத்துல பாத்துட்டேன். டைல்ஸ் லாரியைத் திருப்பி அனுப்பிடறேன். சனிக்கிழமை என் இன்ஜினியரைக் கூட்டிட்டு வர்றேன், அவர் கண்ணால பாக்கட்டும். அதுக்குள்ள இந்தப் பாதியையும் சரி பண்ணிரு. தரையில ஒரு கீறல் இருக்கக் கூடாது. உங்கப்பாவைக் கட்டிப் போடு."

பாண்டு மறுபடி வாசித்தது. பன்றிக்கறி என் கொல்லையிலிருந்து ஊர்வலமாகத் திரும்பிப் போனது.

கூட்டம் சாப்பாட்டில் இறங்கினதும் வீட்டுக்காரர்கள் மட்டும் அந்தோணியார் பக்கம் ஒதுங்கினார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தேன், ரொம்ப நேரமாக. பாஸ்கலை ஒரு கட்டிலில் போட்டு, இடுப்புக்கடியில் வெந்நீர்ப் பை வைத்திருந்தார்கள்.

"மாய், ஞாயித்துக்கிழமை டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன்," என்றான் டென்சில்.

செவ்ரின் பாயி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கேன்சல் பண்ணினா என்ன, பண்ணாட்டி என்ன! டிக்கெட்டு இருந்தாலும் நீ போயிருக்க முடியாதுடா ராஜா." சிரிப்பும் அழுகையுமாக மேடையைக் காட்டினாள். "போன மாசம் நீ கான்கிரீட் கொட்டின அன்னிக்கு, பிஸ்கட் டின்னுலேருந்து உன் பாஸ்போர்ட்டை எடுத்து, எவர்சில்வர் டப்பாவுல போட்டு, அந்தோணியார் காலடியில அமுக்கிட்டேன். தொலைஞ்சதையெல்லாம் கண்டுபிடிச்சுத் தர்றவரு, என் பிள்ளையைத் தொலைக்காம பாத்துக்கட்டும்னு. நீயேதான் அது மேல அச்சு வச்சு மிதிச்சே!"

டென்சில் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே தோள்பையைத் திறந்து நீலநிறப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினான். "என் பாஸ்போர்ட்டு இதோ இருக்கே மாய். போன வாரம்தான் டின்னுலேருந்து எடுத்தேன். அதுல ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு ஃப்ளாவியாவோடது, அவளே எடுத்துட்டான்னு நினைச்சேன்."

"நான் எடுக்கலையே," என்றாள் ஃப்ளாவியா. தலையிலிருந்து தேங்காய்ப்பால் மூக்கு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

செவ்ரின் பாயி அந்தப் புத்தகத்தை வாங்கி, கழுத்தில் தொங்கின கண்ணாடியை மெதுவாக மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்த படத்தைப் பார்த்தாள். மகன் படம்தான். "அன்னிக்குக் கண்ணாடி போடலை," என்றாள், குரலே எழும்பாமல். "காஞ்சுரப் போகுதேன்னு அவசரம். மேல இருந்ததை எடுத்தேன்..."

நாளைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஐவனுக்கு லீவு முடிகிறது. வெள்ளிக்கிழமை காலை புருஷனும் பெண்டாட்டியுமாக தோஹாவுக்கு விமானம் ஏற வேண்டும். சனிக்கிழமை இன்ஜினியர் வருகிறார், ஒரு கீறல் இருக்கக் கூடாது.

நாலு பேரும் அந்தோணியாரைப் பார்த்தார்கள். அவர் குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நின்றார்.

கட்டிலிலிருந்து பாஸ்கலின் குரல் வந்தது. "நான் அன்னிக்கே சொன்னேன். டைல்ஸ் போட்டிருந்தா ஒரே ஒரு கல்லைப் பேத்தா போதும்."

டென்சில் ஊருக்கு வந்த இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அவரை யாரும் வாயை மூடச் சொல்லவில்லை.